துப்பாக்கியை விட்டுவிட்டு மலையேறியவர்: ஜார்ஜ் ஷாலரின் களமும் நூல்களும்

அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களைக் காக்கும் வழிகளை ஆராயும் பாதுகாப்பு உயிரியல் என்ற துறை பிறந்த ஆண்டு எதுவென்று கேட்டால் பலரும் 1978ஐக் காட்டுவார்கள். அவ்வாண்டு கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் மைக்கேல் சூலே முன்னின்று நடத்திய மாநாடுதான் அந்தப் பெயரைப் பரவலாக்கியது. துறைக்கென ஒரு சங்கம் அமைய 1985 வரை ஆயிற்று. ஆனால் பெயர் வழக்கில் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியில் பிறந்த அமெரிக்கரான ஜார்ஜ் ஷாலர் அந்த வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார். அவர் கைக்கொண்ட வழியில் மாயம் ஏதுமில்லை. அதிகம் அறியப்படாத ஒரு பெரிய விலங்கைத் தேர்ந்துகொள்வது, அது வாழும் இடத்திலேயே போய்க் குடியிருப்பது, அது என்ன தின்கிறது, மொத்தம் எத்தனை இருக்கின்றன, எப்போது ஈனுகிறது, எதனால் சாகிறது என்பவற்றை நாள்தோறும் குறித்துவைப்பது, பிறகு அந்தக் குறிப்புகளைக் கொண்டு அறிவியலாளர்களுக்கு ஒரு நூலும் பொதுவாசகர்களுக்கு ஒரு நூலும் எழுதுவது. மலைக்கொரில்லாவில் தொடங்கி புலி, சிங்கம், பனிச்சிறுத்தை, பாண்டா, திபெத்தின் சீரு மான் என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் இதையே செய்தார்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த விலங்குகளின் வரிசையைச் சொல்லி வியந்து நிறுத்திக்கொள்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் அவர் சேர்த்த தகவல், அந்த விலங்கைப் பற்றி அதுவரை எல்லோரும் நம்பிவந்த ஒரு கதையைப் பொய்யாக்கியது என்பதும், கதை பொய்த்த பிறகே அதைக் காப்பதற்கான வழி தெரிந்தது என்பதும் அந்த வரிசையைவிட முக்கியமானவை.

ஷாலர் 1933இல் பெர்லினில் பிறந்தார். தந்தை ஜெர்மானியத் தூதரக அதிகாரி, தாய் அமெரிக்கர். போர் முடிந்தபின் 1947இல் குடும்பம் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அலாஸ்கா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர், 1956இல் ஓலாஸ் மூரி, மார்டி மூரி தம்பதியருடன் வட அலாஸ்காவின் ஷீன்ஜெக் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு ஆய்வுப் பயணம் போனார். அப்பயணத்தில் திரட்டிய விவரங்கள், ஆர்க்டிக் வனவிலங்குக் காப்பிடம் 1960இல் அறிவிக்கப்படுவதற்கு உதவிய சான்றுகளுள் ஒன்றாயின. ஒரு கோடைகாலக் குறிப்பேடு ஒரு நிலப்பரப்பின் தலைவிதியை மாற்றக்கூடும் என்பதை இருபத்து மூன்று வயதில் நேரில் பார்த்த ஒருவர், அதற்குப் பிறகு ஆய்வகத்துக்குள் அடங்கியிருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

1959இல் தம் பேராசிரியர் ஜான் எம்லனுடன் அன்றைய பெல்ஜியக் காங்கோவுக்குச் சென்ற ஷாலர், விருங்கா எரிமலைத் தொடரில் உள்ள கபாரா என்னுமிடத்தில், மனைவி கேயுடன் ஒரு மரக்குடிலில் தங்கினார். அக்குடிலுக்கு அருகில்தான் கார்ல் அக்லியின் கல்லறை இருக்கிறது. அருங்காட்சியகத்துக்காகக் கொரில்லாக்களைச் சுட்டு, பிறகு மனம் மாறி, அவற்றுக்காக ஆல்பர்ட் தேசியப் பூங்கா உருவாகக் காரணமாக இருந்தவர் அக்லி. அவர் இறந்து முப்பதாண்டு கடந்த பின்னும் கொரில்லாவைப் பற்றி உலகம் அறிந்திருந்தது, மார்பில் அறைந்துகொண்டு மனிதன்மேல் பாயும் ஒரு பூதத்தைத்தான். கொரில்லா இருக்கும் காட்டுக்குள் துப்பாக்கி இல்லாமல் போவது தற்கொலைக்குச் சமம் என்பதே அன்றைய பொதுக் கருத்து.

ஷாலர் துப்பாக்கியை எடுத்துப் போகவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவனின் நடையிலும் நிற்கும் விதத்திலும் ஒரு மிடுக்கு வந்துவிடும், விலங்கு அதைக் கண்டுகொள்ளும் என்பது அவர் எண்ணம். மறைந்திருந்து பார்க்கவும் இல்லை. தனியாக, மெதுவாக, கூட்டத்தின் கண்ணில் படும்படி நடந்து, ஒரு மரத்தடியிலோ தாழ்ந்த கிளையிலோ உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரியான மங்கல் நிற உடை. சில வாரங்களில் கொரில்லாக்கள் அவரைப் பொருட்படுத்துவதை விட்டுவிட்டன. அவை தின்ற காஞ்சொறிச் செடி, காட்டு செலரி, முட்செடித் தண்டு ஆகியவற்றை அவரும் மென்று சுவை பார்த்துக் குறித்துவைத்தார். பூதத்தின் உணவு முழுக்க முழுக்கத் தழையும் தண்டும்தான் என்றாயிற்று.

எண்ணிக்கை எடுத்த முறை இன்னும் கவனிக்கத்தக்கது. கொரில்லா ஒவ்வொரு மாலையும் செடிகொடிகளை வளைத்துப் புதிதாக ஒரு படுக்கை அமைத்துக்கொண்டு உறங்கும். காலையில் எழும்போது பெரும்பாலும் அதிலேயே எச்சமிட்டுவிட்டுப் போகும். ஆகவே விலங்கை நேரில் பார்க்காவிட்டாலும், கைவிடப்பட்ட படுக்கைகளை எண்ணினால் கூட்டத்தில் எத்தனை உருப்படி என்பது தெரியும். எச்சத்தின் பருமனைக் கொண்டு முதுகு மயிர் வெளுத்த முதிர்ந்த ஆண், பெண், இளையது என்று பிரிக்கலாம். பெரிய எச்சத்துக்குப் பக்கத்தில் சின்னஞ்சிறிய எச்சம் கிடந்தால் அது தாயும் குட்டியும் படுத்த இடம். இவ்வாறு கணக்கிட்டு விருங்காவில் ஏறத்தாழ 450 மலைக்கொரில்லாக்கள் உள்ளன என்று அவர் சொன்னார். மார்பில் அறைந்துகொள்வதைத் தாக்குதலின் முன்னறிவிப்பு என்று எல்லோரும் நினைத்திருக்க, கூவுவதில் தொடங்கி, ஓர் இலையை வாயில் வைப்பது, எழுந்து நிற்பது, செடியைப் பிய்த்தெறிவது எனத் தரையை அறைவதுவரை செல்லும் ஒன்பது படிகளுள் ஒன்று அது என்றும், பெரும்பாலும் சண்டையைத் தவிர்க்கவே அந்தச் சடங்கு பயன்படுகிறது என்றும் பிரித்துக் காட்டினார்.

1960இல் காங்கோ விடுதலை பெற்றதும் எழுந்த குழப்பம் ஆய்வைப் பாதித்தது. இருந்தாலும் 1963இல் வெளிவந்த அறிவியல் நூலும், அடுத்த ஆண்டு பொதுவாசகர்களுக்காக எழுதிய நூலும் கொரில்லாவைப் பற்றிய பேச்சையே மாற்றிவிட்டன. 1967இல் டயன் பாஸி தம் ஆய்வைத் தொடங்கியது அதே கபாராவில்தான். உலகம் பாஸியை நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு ஷாலரை வைத்திருக்கவில்லை என்பது வேறு கதை. 2015-16 கணக்கெடுப்பில் விருங்காவில் 604 கொரில்லாக்கள் இருந்தன. போரும் அகதிகளும் வேட்டையும் நிறைந்த ஒரு பகுதியில் இந்த எண் கூடியிருக்கிறது என்று சொல்ல முடிவதற்கு, ஒப்பிட ஒரு பழைய எண் இருப்பதே காரணம்.

இந்தியாவுக்கு அவர் வந்தது 1963இல். மத்தியப் பிரதேசத்தின் கன்ஹாவில் குடும்பத்தோடு தங்கினார். புலி வேட்டை அப்போது சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டவர்களை அழைத்துவந்து புலி சுட வைக்கும் நிறுவனங்கள் வெளிப்படையாக விளம்பரம் செய்தன. புலியைப் பற்றிய நூல்கள் குவிந்து கிடந்தன என்றாலும் அவற்றில் ஏறக்குறைய எல்லாமே வேட்டைக்காரர்கள் எழுதியவை. பரண்மேல் ஒரு துப்பாக்கியின் முனையிலிருந்து பார்க்கப்பட்ட புலிதான் அவற்றில் இருந்தது. அது ஒரு வருடத்தில் எவ்வளவு தின்கிறது என்பதுகூட யாருக்கும் தெரியாது. ஷாலர் புலியின் எச்சங்களைச் சேகரித்து, அலசி, எஞ்சிய மயிரையும் குளம்புத் துண்டையும் பிரித்துப் பார்த்து, எந்த இரை எவ்வளவு என்று கணக்கிட்டார். ஏறக்குறைய பாதியில் இருந்தது புள்ளிமான். கண்ணுக்குமேல் உள்ள வரிகளின் அமைப்பு புலிக்குப் புலி வேறுபடுவதைக் கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் கண்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த், தானியங்கிக் கேமராக்களில் பதிந்த வரிகளை வைத்துப் புலிகளை எண்ணும் முறையை வளர்த்தெடுத்தார். அந்த முறையின் அடிப்படை, வரிகளை நம்பலாம் என்ற இந்த அறிதல்தான்.

1967இல் வெளிவந்த ‘தி டீர் அண்டு தி டைகர்’ என்ற நூலின் பெயரில் மான் முதலில் வருவது தற்செயல் அல்ல. நூலின் பெரும்பகுதி புள்ளிமான், பாரசிங்கா என்னும் சதுப்புநில மான், கடமான், காட்டெருது, வெளிமான் ஆகியவற்றைப் பற்றியது. புலி அதன்பின்தான் வருகிறது. இரை இல்லாமல் புலி இல்லை, மேய்ச்சல் நிலம் இல்லாமல் இரை இல்லை என்பது இன்று பள்ளிப் பாடத்தில்கூட இருக்கிறது. அன்று அது எண்ணிக்கையோடு நிறுவப்பட வேண்டிய ஒன்றாக இருந்தது. கெட்டியான தரையில் வாழும் கன்ஹாவின் பாரசிங்கா 1938இல் ஏறத்தாழ 3,000 என்று மதிப்பிடப்பட்டு, 1970இல் 66ஆகக் குறைந்துபோயிருந்தது. 1973இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியபோது முதல் ஒன்பது காப்பகங்களில் கன்ஹாவும் ஒன்று. அத்திட்டத்தை வகுத்தவர்கள் கையில் இருந்த முறையான முதல் ஆய்வு ஷாலருடையது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கன்ஹாவின் புல்வெளிகள் சீரழிந்ததற்குக் கால்நடை மேய்ச்சலை ஷாலர் கடுமையாகக் குறை சொன்னார். அவருடைய அளவீடுகள் சரியாகவே இருந்தன. ஆனால் 1969 முதல் அந்தக் காட்டின் ஊர்கள் ஒவ்வொன்றாக வெளியேற்றப்பட்டன. பைகா, கோண்டு பழங்குடி மக்கள் அதற்குக் கொடுத்த விலை அந்த நூலின் கணக்கில் சேராதது. பாரசிங்கா அழிவின் விளிம்பிலிருந்து மீண்டது உண்மை. அந்த மீட்சிக்கு யார் வாழ்விடம் இழந்தார்கள் என்பதும் உண்மை. இளம் ஷாலரின் எழுத்தில் மனிதர்கள் பெரும்பாலும் விலங்குக்கு இடையூறாகத்தான் வருகிறார்கள்.

1966 முதல் 1969 வரை தான்சானியாவின் செரெங்கெட்டியில் சிங்கங்களைப் பின்தொடர்ந்தார். அந்த ஆய்வு நூல் 1973இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதைப் பெற்றது. கழுதைப்புலி திருடி, சிங்கம் வீரன் என்ற பழங்கதை அந்த வருடங்களில் அடிபட்டது: கழுதைப்புலி தானே வேட்டையாடுவதை விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் காட்டினார், சிங்கம் கழுதைப்புலியின் இரையைப் பறித்துத் தின்பதை ஷாலர் பதிவு செய்தார். காற்றுக்கு எதிராக அணுகினால் இரை சிக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனாலும் சிங்கம் காற்றின் திசையைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை என்ற அவருடைய கண்டுபிடிப்பு வேட்டைக்காரர்கள் பலரைத் திகைக்கவைத்தது. இடையே ஒரு வேடிக்கையான சோதனையும் நடந்தது. ஆதிமனிதன் ஆயுதமில்லாமல் எவ்வளவு இறைச்சி சேகரித்திருக்க முடியும் என்று பார்க்க, ஷாலரும் மானுடவியலாளர் கோர்டன் லோதரும் சமவெளியில் நாள்கணக்கில் கால்நடையாகத் திரிந்து, செத்ததையும் நோயுற்றதையும் தாயை இழந்த குட்டிகளையும் தேடிக் கணக்கெடுத்தார்கள். கையால் பிடித்துவிடக்கூடிய விலங்குகள் நினைத்ததைவிட அதிகமாகவே கிடைத்தன. இரண்டு படித்த மனிதர்கள் சிங்கங்கள் உலவும் வெளியில் பிணம் தேடி நடந்தது அறிவியல் கட்டுரையாகவே அச்சாயிற்று.

செரெங்கெட்டியை முடித்த கையோடு அவர் வந்த இடங்களுள் ஒன்று நமக்கு அருகில் இருக்கிறது. நீலகிரியிலும், அன்று உயர்மலைத் தோட்டக்காரர்களின் சங்கம் காத்துவந்த எரவிகுளத்திலும் அவர் வரையாடுகளைப் பார்த்து, 1970இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் கட்டுரை எழுதினார். தமிழ்நாட்டின் மாநில விலங்கைப் பற்றிய தொடக்ககால அறிவியல் குறிப்புகளில் அது ஒன்று; அதற்கு முன்பும் பின்பும் வரையாடுகளை எண்ணி எழுதியவர் ஈ. ஆர். சி. டேவிதார். இவருடைய நினைவாகவே தமிழ்நாடு அரசு அக்டோபர் 7ஐ வரையாடு நாளாக அறிவித்திருக்கிறது. ஷாலருக்கு வரையாடு ஒரு பெரிய கேள்வியின் ஒரு துண்டு. இமயம் முதல் பாமிர் வரை உள்ள காட்டு ஆடுகளும் செம்மறிகளும் எப்படிப் பிரிந்தன, எது எதற்கு உறவு என்பதே அந்தக் கேள்வி.

அதைத் தேடிப் போனவர் 1970இன் இறுதியில் பாகிஸ்தானின் சித்ராலில் ஒரு தாய்ப் பனிச்சிறுத்தையையும் குட்டியையும் கண்டு படமெடுத்தார். அடுத்த ஆண்டு வெளியான அந்தப் படங்கள்தான், காட்டில் வாழும் பனிச்சிறுத்தையை உலகம் முதன்முதலாகப் பார்த்த படங்களாகக் கருதப்படுகின்றன. 1973இல் நேபாளத்தின் டோல்போவுக்குப் பரல் என்னும் நீலச் செம்மறியை ஆராயப் போனபோது எழுத்தாளர் பீட்டர் மாத்திசன் உடன் நடந்தார். மாத்திசன் அப்பயணத்தைப் பற்றி எழுதிய நூல் பெரும்புகழ் பெற்றது; அதில் அவர் தேடிய பனிச்சிறுத்தை அவர் கண்ணில் படவே இல்லை. ஷாலர் கொண்டுவந்த முடிவு அவ்வளவு கவித்துவமானதல்ல: நீலச் செம்மறி என்ற பெயர் இருந்தாலும் அதன் நடத்தை ஆட்டினுடையது. பிற்காலத்தில் மரபணு ஆய்வுகளும் பரலை ஆட்டின் பக்கமே வைத்தன.

1980இல் சீன அரசும் உலக வனவிலங்கு நிதியமும் சேர்ந்து பாண்டா ஆய்வைத் தொடங்கியபோது, சிச்சுவான் மாநிலத்தின் வோலாங் காட்டில் சீன ஆய்வாளர் ஹூ ஜின்சூவுடன் பணிபுரிய ஷாலர் அழைக்கப்பட்டார். ஊனுண்ணியின் குடலை வைத்துக்கொண்டு மூங்கில் தின்னும் விலங்கு பாண்டா. தின்றதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிப்பதில்லை என்பதால் ஒரு நாளில் பதினான்கு மணிநேரம்வரை தின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. 1983இல் வோலாங்கின் உயரமான சரிவுகளில் அம்பு மூங்கில் ஒட்டுமொத்தமாகப் பூத்து மடிந்தது. பாண்டாக்கள் பட்டினியில் சாகின்றன என்ற செய்தி உலகெங்கும் பரவி, அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகள் சில்லறை சேர்த்து அனுப்பினார்கள்; ‘மீட்பு’ என்ற பெயரில் பல பாண்டாக்கள் பிடித்துக் கூண்டில் அடைக்கப்பட்டன. ஷாலரின் குழுவோ, ரேடியோ கழுத்துப்பட்டை அணிந்த பாண்டாக்கள் கீழ்ச்சரிவில் இருந்த வேறொரு மூங்கில் இனத்துக்கு மாறிக்கொள்வதைக் கண்டுகொண்டிருந்தது. மூங்கில் பூப்பது பாண்டா பல்லாயிரம் ஆண்டுகளாகச் சந்தித்துவரும் நிகழ்வு. கீழ்ச்சரிவுக் காடு வெட்டப்பட்டு வயலாகிப்போனதும், கஸ்தூரி மானுக்கு வைத்த கண்ணியில் பாண்டா சிக்கிச் சாவதும், அக்கறையோடு பிடித்துச் செல்லப்படுவதும்தான் புதியவை.

இதை அவர் 1993இல் ‘தி லாஸ்ட் பாண்டா’ என்ற நூலில் எழுதினார். அவருடைய நூல்களில் கோபம் வெளிப்படையாகத் தெரிவது இதில்தான். காட்டிலிருந்து பிடித்த பாண்டாக்களைச் சில மாத வாடகைக்கு அமெரிக்க விலங்குக் காட்சிசாலைகளுக்கு அனுப்பிப் பணம் பார்த்த வழக்கத்தையும், தம்மை அனுப்பிய நிறுவனங்களின் தயக்கத்தையும், அந்தத் திட்டத்தில் தமக்கிருந்த பங்கையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1990களில் அமெரிக்க அரசு வாடகை விதிகளை இறுக்கி, பணம் காட்டிலுள்ள பாண்டாக்களின் பாதுகாப்புக்குச் செல்ல வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. சீனாவின் காடுவெட்டுத் தடையும் காப்பகங்களும் சேர்ந்து எண்ணிக்கையை உயர்த்த, 2016இல் பாண்டா அழியும் நிலையிலுள்ள இனம் என்ற பிரிவிலிருந்து ஒரு படி இறக்கி வகைப்படுத்தப்பட்டது.

எனினும், ஷாலரின் வாழ்நாள் வேலை எது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் கொரில்லாவையும் பாண்டாவையும் ஒதுக்கிவிட்டுச் சாங்தாங்கைத்தான் சொல்ல வேண்டும். திபெத்தின் வடக்கே, கடல்மட்டத்துக்கு மேல் பெரும்பாலும் 4,500 மீட்டரைத் தாண்டிய, மரமே இல்லாத அந்த மேட்டுநிலத்துக்கு அவர் 1980களின் நடுவிலிருந்து திரும்பத் திரும்பப் போனார். அங்கு வாழும் சீரு என்னும் மானினத்தின் அடிமயிர் உலகின் மிக மெல்லிய மயிர்களுள் ஒன்று. அதிலிருந்து காஷ்மீரில் நெய்யப்பட்ட ஷாதூஷ் சால்வை, மோதிரத்துக்குள் நுழைந்து வெளிவரும் என்ற பெருமையோடு டெல்லியிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் பெருவிலைக்குப் போயிற்று. அந்த மயிர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்களுக்கு வணிகர்கள் சொன்ன பதில் அழகானது: விலங்கு உதிர்க்கும் மயிர் புதர்களில் சிக்கிக்கொள்ளும், அதை இடையர்கள் பொறுக்கி எடுப்பார்கள். சாங்தாங்கில் மயிர் சிக்கும்படியான புதர் எங்கே இருக்கிறது என்று தேடினால் அகப்படுவது அரிது. ஷாலர் அங்கே கண்டவை சுட்டு உரிக்கப்பட்ட உடல்களும் மயிர் மூட்டைகளும்தான். ஒரு விலங்கிடமிருந்து கிடைப்பது 125 முதல் 150 கிராம். ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து சீரு சாக வேண்டும்.

சர்வதேச வணிகம் 1979 முதலே தடை செய்யப்பட்டிருந்தது. சட்டம் இருந்தும் வணிகம் நடந்ததற்குக் காரணம் அந்தக் கதைதான். யாரும் எதையும் கொல்லவில்லை என்று வாங்குகிறவரும் நெய்கிறவரும் நம்ப முடிந்தது. ஷாலரின் சான்றுகள் அந்த நம்பிக்கைக்கு இடமில்லாமல் செய்தன. பல லட்சமாக இருந்திருக்கக்கூடிய சீரு, 1990களில் 75,000க்கும் கீழே போய்விட்டது என்று அவர் மதிப்பிட்டார். 1993இல் திபெத் தன்னாட்சிப் பகுதி அரசு சாங்தாங் காப்பகத்தை அறிவித்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 3 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். காகிதத்தில் இருந்த காப்பகத்தைத் தரையில் காத்தவர்கள் வேறு மனிதர்கள்: அண்டையிலுள்ள கெகெஷிலியில் சட்டவிரோத வேட்டையை எதிர்த்து நின்ற திபெத்திய அதிகாரி சோனம் தார்ஜே 1994இல் வேட்டைக்காரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜம்மு காஷ்மீரில் ஷாதூஷ் நெசவு சட்டப்படி முடிவுக்கு வர 2000களின் தொடக்கம் வரை ஆயிற்று; நெசவாளர் குடும்பங்களின் பிழைப்பு அங்கே பெரிய கேள்வியாக எழுந்தது. 2016இல் சீருவின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியதாக மதிப்பிடப்பட்டு, அதன் நிலை அச்சுறுத்தலை நெருங்கியது என்ற அளவுக்குத் தளர்த்தப்பட்டது.

இந்த நூல்களை அடுத்தடுத்துப் படித்தால் எழுத்துமுறையில் ஒரு பிடிவாதம் தெரிகிறது. அட்டவணைகளும் விழுக்காடுகளும் நிறைந்த அறிவியல் நூலில் ‘நான்’ ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. பொதுவாசகர் நூலில் குளிரும் பசியும் தனிமையும் எரிச்சலும் வருகின்றன, ஆனால் விலங்கைப் பற்றிய ஒரு செய்திகூட முதல் நூலில் உள்ள ஆதாரத்தைத் தாண்டிப் போவதில்லை. இரண்டையும் ஒருவரே எழுதியதால்தான் இது முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆய்வாளர் ஒருவரும் எழுத்தாளர் வேறொருவருமாக இருக்கும் நூல்களில், விலங்கின் உள்ளத்தை எழுத்தாளர் தம் விருப்பப்படி நிரப்பிவிடுவதைப் பார்த்திருக்கிறோம்.

மனிதர்களைப் பற்றிய அவருடைய பார்வையும் திபெத்தில்தான் மாறியது. 2012இல் வெளிவந்த ‘திபெத் வைல்ட்’ நூலில் யாக் மேய்க்கும் குடும்பங்களின் கணக்கு, மடாலயத் துறவிகளோடு சேர்ந்து பனிச்சிறுத்தையைக் காக்கும் முயற்சி, மேய்ச்சல் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வேலியிடும் அரசுக் கொள்கையின் தீமை ஆகியவை விரிவாக இடம்பெறுகின்றன. பெண் சீருகள் ஒவ்வொரு கோடைத் தொடக்கத்திலும் ஆண்களை விட்டுப் பிரிந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே நடந்து, புல்கூடச் செழிக்காத ஓரிடத்தில் குட்டி ஈன்று திரும்புகின்றன. இத்தகைய விலங்குக்கு எல்லை வரைந்த பூங்கா மட்டும் போதாது, அந்த வழியெங்கும் வாழும் இடையர்களின் சம்மதமும் வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். கன்ஹாவில் மாடு மேய்த்தவர்களைப் பற்றி எழுதியதோடு இதை ஒப்பிட்டால் நாற்பதாண்டு இடைவெளி தெரிகிறது.

அவர் நெடுங்காலமாக வலியுறுத்திவந்த ஒரு திட்டம் மட்டும் நிறைவேறவில்லை. பாமிர் மலைகளில் வாழும் மார்க்கோ போலோ செம்மறி, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், தஜிகிஸ்தான், சீனா ஆகிய நான்கு நாடுகளின் எல்லைகளைக் கடந்து திரிவது. அந்த நான்கையும் இணைத்து ஒரே அமைதிப் பூங்கா அமைக்க வேண்டும் என்று அவர் 1980களிலிருந்து பேசிவந்தார். அதற்காக எழுபது வயதைக் கடந்தபின்னும் ஆப்கானிஸ்தானின் வாகான் பகுதியில் நடந்து கணக்கெடுத்தார். பாகிஸ்தானில் 1975லேயே குஞ்செராப் தேசியப் பூங்காவும், சீனப் பக்கத்தில் தக்ஷ்கொர்கன் காப்பகமும், தஜிகிஸ்தானிலும் வாகானிலும் தனித்தனிக் காப்பிடங்களும் அமைந்தன. அவற்றை ஒன்றாக நிர்வகிக்கும் உடன்பாட்டில் நான்கு அரசுகளும் இன்னும் கையெழுத்திடவில்லை.